இடம் மாறாத வெள்ளை

டார்லா நீமிக்கு அழுக்குப் படம் ஆகவே ஆகாது. வீடு எப்படிக் கிடந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. நேற்றுக் குடித்த காபிக் கோப்பை தொட்டியில் கிடக்கும், புருஷன் லெஸ்டரின் கம்பளிக் காலுறை நாற்காலி முதுகில் காயும், அவள் பாட்டுக்குத் தாண்டிப் போவாள். ஆனால் எம்.ஆர்.ஐ. அறையில் அவள் எடுக்கிற படத்தில் தேவையில்லாத ஒரு கோடோ நிழலோ விழுந்துவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு மறந்துபோகும்.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், சுப்பீரியர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மரம் வெட்டுகிறவர்கள், வாத்தியார்கள், பழைய செப்புச் சுரங்கத்துக்காரர்களின் பேரன் பேத்திகள் என்று முழங்காலும் முதுகும் தலையும் வலித்த அத்தனை பேரும் அவள் கைவழியாகத்தான் அந்தக் குழாய்க்குள் போய் வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று டார்லாவுக்குத் தெரியும் என்பார்கள். "மீதிப் பேருக்கு உள்ள ஒண்ணும் இல்ல, அதான் எடுக்கல" என்று லெஸ்டர் சேர்த்துக்கொள்வான்.

படம் பொய் சொல்லும். வெளியாட்களுக்கு இது தெரியாது. மிஷின் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த மிஷின் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறது. உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் காந்தத்துக்கு நடுவில் முணுமுணுப்பதைக் கேட்டு, எந்த முணுமுணுப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் படமாக வரைகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆள் எச்சில் விழுங்கினால் கணக்கு தப்பும். ரத்தம் துடித்து ஓடினாலும் தப்பும். அப்போது இல்லாத இடத்தில் இருக்கிற மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்காரும். அதற்குப் பேய் என்றுதான் பெயர். டார்லாவை மற்றவர்கள் பேயோட்டி என்று கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒரு டிசம்பரில் எல்லாருடைய படத்திலும் நடுவில் ஒரு புள்ளிக்கோடு, தையல் பிரிந்த மாதிரி. டார்லா கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள், வயரை எல்லாம் தடவிப் பார்த்தாள். கடைசியில் கூட வேலை பார்க்கும் நோரீன், கிறிஸ்துமஸுக்கு அழகாக இருக்கட்டும் என்று காந்த அறைக்குள் பேட்டரியில் மினுங்கும் விளக்குச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தது கண்ணில் பட்டது. மிஷின் அதன் மினுங்கலையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தாள், கோடு போயிற்று. நோரீன் புது வருஷம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஒரு பாதிரியாரின் மூக்கு அவருடைய பின்மண்டையில் முளைத்திருந்தது. படம் பிடிக்கும் சட்டத்தைச் சின்னதாகப் போட்டால் அதற்குள் அடங்காதது மறுபக்கம் வழியாக உள்ளே வந்துவிடும். சட்டத்தை அகலப்படுத்தினாள், மூக்கு ஒழுங்காக முன்பக்கம் போய்ச் சேர்ந்தது.

ரத்தத்தால் வரும் பேய்தான் பொல்லாதது. அது வியாதி மாதிரியே வேஷம் போடும். அதற்கு டார்லா ஒரு சோதனை வைத்திருந்தாள். மிஷின் ஒரு படத்தை இரண்டு திசையில் கணக்குப் போடும். அந்தத் திசைகளை மாற்றிப் போட்டு மறுபடி எடுப்பாள். பேயாக இருந்தால் பக்கவாட்டில் நின்றது மேலும் கீழுமாகத் தாவிவிடும். வியாதி தாவாது, அது உடம்பில் குடியிருக்கிறது. திசையை மாற்றி, புள்ளி தாவியதும் டார்லா நாற்காலியில் சாய்ந்து, "ஓடிப் போ சனியனே" என்பாள். தாவாத படங்களும் எத்தனையோ வந்தன. அவற்றை டாக்டருக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அதற்கு மேல் அது அவள் பாடில்லை.

வெளியே வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். எதுவும் சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அதனால் எல்லாரிடமும், புற்றுநோய்க்காரனிடமும் சுளுக்குக்காரனிடமும், ஒரே குரலில் ஒரே வார்த்தை: "ரொம்ப நல்லா ஒத்துழைச்சீங்க. டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க." இந்தக் குரலை லெஸ்டர் வீட்டில் நக்கலடிப்பான். சூப்பில் உப்பு எப்படி என்று கேட்டால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தேனாக்கி, "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க" என்பான்.

லெஸ்டர் கவுண்டி நிர்வாகத்துக்காக ரோட்டுப் பனியை ஒதுக்கும் பனித்தள்ளு வண்டி ஓட்டினான். ஓட்டுவதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அவனுடைய பிக்கப் வண்டியைத் தொட டார்லாவுக்கு அனுமதி கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் பின்னுக்கு எடுக்கிறேன் என்று சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் சுவரில் கொண்டு போய் இடித்தாள், அதோடு சரி. ரோட்டோரத்தில் வீட்டுக்கு ஒன்றாக நிற்கும் தபால் பெட்டிகளில் ஒன்றைக்கூட இத்தனை வருஷத்தில் அவன் பனித்தள்ளு வண்டி உரசியதில்லை. இந்தக் குளிர்காலத்தில்தான் ஹில்மா சாரெலா வீட்டுப் பெட்டியை அடித்துத் தூக்கினான். ஹில்மா தடியை ஊன்றிக்கொண்டு பனியில் நின்று அவன் பரம்பரையையே இழுத்தாள். அவன் பலகை அறுத்துப் புதுப் பெட்டி செய்து, அழகாகப் பெயர் எழுதி, நட்டுவிட்டு வந்தான். பனி இரண்டு தடவை கொட்டியதும் அதையும் தூக்கினான், மறுபடி ஒன்று செய்து நட்டான். பிறகு இன்னும் இரண்டு வீட்டுப் பெட்டி.

"கிழவா, ஹில்மா மேல உனக்கு ஒரு கண்ணு. அவளைப் பார்க்கணும்னே பெட்டியை இடிக்கிறே" என்றாள் டார்லா.

"அவ திட்டுறது உன்னைவிட இனிமையா இருக்கு" என்றான் அவன்.

ஊரே சிரித்தது. வயசாகிறது என்று அவனும் சொல்லிக்கொண்டான், அவளும் சொல்லிக்கொண்டாள்.

மார்ச்சில் தலைப் படத்துக்குப் புதுக் காயில் வந்தது. தலையைச் சுற்றி மாட்டும் கூண்டு அது. மிஷினுக்குக் காது மாதிரி. புதுக் காது வந்தால் நோயாளிக்கு மாட்டுவதற்கு முன் நல்ல ஆள் ஒருவருக்கு மாட்டிப் பார்ப்பார்கள். முதலில் தண்ணீர் புட்டியை வைத்துப் பார்ப்பது உண்டு, ஆனால் புட்டி மூச்சு விடாது, புட்டிக்குள் ரத்தம் ஓடாது. பேய் வருமா என்று புட்டியிடம் கேட்க முடியாது. அதனால் ஊழியர்களோ அவர்கள் வீட்டு ஆட்களோ முறை போட்டுப் படுப்பார்கள். படுத்தவருக்குக் கூலி ஒரு பேஸ்டி. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவில் பொதிந்து சுட்டது, சூடாக, முழுசாக. நோரீனுக்கு அந்தக் குழாயைப் பார்த்தாலே மூச்சு முட்டும். ஊராரை எல்லாம் உள்ளே தள்ளுவாளே தவிர, தான் ஒருநாளும் போகமாட்டாள். டார்லா மிஷினை ஓட்ட வேண்டும். லெஸ்டருக்கு அன்று லீவு.

"கெட்சப் உண்டா?" என்றுதான் அவன் முதலில் கேட்டான்.

கடைசி நோயாளி போன பிறகு, மத்தியான வெயில் பனியில் பட்டுக் கண் கூசும் நேரத்தில், அவன் வந்தான். பெல்ட், பேனாக்கத்தி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டான். வண்டிச் சாவியைக் கடைசியாகப் போட்டான்.

"சாவி பத்திரம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம்னு ஆசைப்படாத."

"உன் ஓட்டை வண்டி யாருக்கு வேணும்? படு. அசைஞ்சே, கட்டி வச்சிருவேன்."

"கல்யாணத்தன்னிக்கே கட்டிட்டியே."

நோரீன் சிரித்துக்கொண்டே அவன் தலைக்குக் கூண்டை மாட்டினாள். மேஜை உள்ளே போயிற்று. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி மிஷின் அடிக்கத் தொடங்கியது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டார்லா திரையைப் பார்த்தாள். முதல் வரிசைப் படங்கள் வந்தன. புருஷனின் மண்டையைப் பார்ப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மைக்கை அழுத்தி, "உள்ள மூளை இருக்கு. நோரீன்கிட்ட பந்தயத்துல தோத்துட்டேன்" என்றாள். குழாய்க்குள்ளிருந்து ஏதோ கெட்ட வார்த்தை வந்தது.

அடுத்த வரிசையில், இடது பின்மண்டையில், ஒரு வெள்ளை இருந்தது.

டார்லா பயப்படவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. புதுக் காயில், பின்பக்கம் தலையோடு ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் இருப்பது கூடுதல் வெள்ளையாகத் தெரியும். இல்லாவிட்டால் அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அதன் பேய். "வந்துட்டியா" என்று புள்ளியைப் பார்த்துச் சொன்னாள். மைக்கில், "கிழவா, எச்சிலை முழுங்காத. இன்னொண்ணு எடுக்கணும்" என்றாள். திசையை மாற்றிப் போட்டாள். நாற்காலியில் சாய்ந்துகொள்ளத் தயாராக இருந்தாள்.

வெள்ளை அங்கேயே இருந்தது.

வேறு பேய்கள் தாவியிருந்தன. கண்ணிலிருந்து கிளம்பிய நிழல் ஒன்று பக்கவாட்டுக்குப் போயிருந்தது, கழுத்து ரத்தத்தின் வரிசை ஒன்று இடம் மாறியிருந்தது. இது மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தது. அவள் ரத்தத்தை வாயடைக்கும் பட்டையைப் போட்டாள். அது அந்தக் கணக்கில் உள்ள ஒரு கறுப்புப் பட்டை. திரையில் இழுத்து எங்கே வைக்கிறோமோ அந்த இடம் மிஷினுக்குப் பேசாது. தலைக்கு மேலே வைத்தால், அங்கிருந்து ஓடிவரும் ரத்தம் சத்தமில்லாமல் உள்ளே வரும், பேய் வராது. வைத்து எடுத்தாள். வெள்ளை இருந்தது. பக்கவாட்டில் வெட்டி எடுத்தாள். இருந்தது. நோரீனைக் கூப்பிட்டு, புதுக் கூண்டைக் கழற்றிப் பழையதை மாட்டச் சொன்னாள்.

"ஏன், புதுசு சரியில்லையா?" என்று லெஸ்டர் நோரீனிடம் கேட்பது மைக்கில் கேட்டது.

"உன் மண்டை பெருசு, அது பத்தல" என்றாள் நோரீன்.

பழைய காயிலில் எடுத்தாள். புதுக் காயில் மேல் தப்பில்லை. வெள்ளை அதே இடத்தில், அதே அளவில், ஓரம் கொஞ்சம் வீங்கி இருந்தது.

பார்வை பின்மண்டையில் இருக்கிறது. இடது பின்மண்டை போனால் வலது பக்கம் தெரியாது. இது டார்லாவுக்குப் புதிதல்ல; படிக்கிற காலத்திலேயே தெரியும். தபால் பெட்டிகள் எல்லாம் ரோட்டின் வலது பக்கம், வண்டி போகிற ஓரத்தில்தான் நிற்கின்றன. ஹில்மாவின் பெட்டியை அவன் இடித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் எத்தனை தடவை சிரித்தாள் என்று நினைத்துப் பார்த்தாள்.

பிறகு செய்ததை அவள் யாருக்கும் சொன்னதில்லை. நோரீன் பார்த்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கறுப்புப் பட்டையைத் தலைக்கு மேலிருந்து இழுத்து, மண்டைக்குள் கொண்டுவந்து, வெள்ளைக்கு மேலேயே வைத்தாள். மைக்கை அழுத்தினாள். "ரொம்ப நல்லா பண்றே லெஸ்டர். இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள். எடுத்தாள்.

படம் சுத்தமாக வந்தது. பின்மண்டையில் ஒரு கறுப்புப் பட்டை, அவ்வளவுதான்; வெள்ளை எங்கேயும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிற ஒரு மனுஷனின் தலை. இப்படித்தானே காலம் முழுக்கச் செய்தாள். தேவையில்லாதது வந்தது, துரத்தினாள், போயிற்று. அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நோரீன் காபியோடு பின்னால் வந்து நின்றாள். "பட்டையைத் தப்பா வச்சிருக்கே டார்லா" என்றாள். வேலைக்கு வந்த புதிதில் எல்லாரும் ஒரு தடவை செய்கிற தப்பு அது. கை தவறி உடம்பின் மேலேயே பட்டையைப் போட்டுவிட்டு, இருப்பதை அழித்துவிடுவார்கள்.

"தெரியும்" என்றாள் டார்லா.

நோரீன் குனிந்து பார்த்தாள். அதற்கு முன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். காபியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, டார்லா."

"அந்தப் படத்தை அழிச்சிடு. மத்ததெல்லாம் அனுப்பு. நீயே டாக்டரைக் கூப்பிடு. என்னால முடியாது."

நோரீன் போனில் பேசியது டார்லாவுக்குக் கேட்டது. படம் படிக்கும் டாக்டர் ஓஸ்ட்ராண்டர் எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் அந்தப் பக்கம் கேட்டிருப்பார், பேயா என்று.

"இல்ல டாக்டர். திசை மாத்திப் பார்த்தாச்சு, பட்டை போட்டாச்சு, காயிலையும் மாத்தியாச்சு... ஆமா, டார்லாதான் பார்த்தா." நோரீன் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அவ பார்த்துட்டான்னா சரி, அப்படீங்கறார். நாளைக்குக் காலையில லெஸ்டரைக் கூட்டிட்டு வரணுமாம், மருந்து ஊசி போட்டு மறுபடி படம் எடுக்கணுமாம். டாக்டரே லெஸ்டர்கிட்டப் பேசுறாராம்."

டார்லா பார்த்துவிட்டாள் என்றால் அதற்கு மேல் கேள்வியில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் யாராவது ஒருவர், உனக்கு ஒன்றும் தெரியாது, மறுபடி எடு என்று திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள்.

மேஜை வெளியே வந்தது. லெஸ்டர் எழுந்து உட்கார்ந்து தலையைத் தேய்த்துக்கொண்டான்.

"என்ன பேயோட்டி, ஓடிச்சா?"

"படம் நல்லா வந்திருக்கு" என்றாள். அது பொய்யில்லை. அவள் எடுத்ததிலேயே அவ்வளவு தெளிவான படம் வேறு கிடையாது.

ஊழியர்கள் சாப்பிடும் அறையில் பேஸ்டி காத்திருந்தது. நோரீன் தட்டில் வைத்து, கெட்சப் புட்டியை அவன் வலது கைப்பக்கம் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவன் முள்கரண்டியால் பேஸ்டியைப் பிளந்தான். ஆவி வந்தது.

"ஏமாத்துறீங்களா? கெட்சப் எங்க?"

புட்டி அவன் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. சிவப்பாக, பெரிதாக. டார்லா அதை எடுத்து, அவன் தட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது பக்கம் வைத்தாள். எங்கிருந்தோ வந்து முளைத்த புட்டியை லெஸ்டர் பார்த்தான். பிறகு அது முன்பு இருந்த பக்கம் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இங்கேயா இருந்துச்சு?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப திட்டியிருக்கணுமே நீ. கண்ணு என்ன பொடனியிலயான்னு கேட்டிருப்பியே." கரண்டியைக் கீழே வைத்தான். "உள்ள படுத்திருந்தப்பவும் பார்த்தேன். முதல்ல திட்டினே. அப்புறம் திட்டவே இல்ல. 'ரொம்ப நல்லா பண்றே'ங்கறே. கட்டிக்கிட்டதுலேருந்து ஒருநாள் சொன்னதில்ல அந்த வார்த்தையை."

டார்லா மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"ஏதோ இருக்கு, இல்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருக்கிறது லெஸ்டர் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் வாய்க்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தைதான் பழக்கம். ஊரில் பாதிப் பேரிடம் சொன்ன வார்த்தை, யாரையும் பயமுறுத்தாத அதே குரலில், தானாக வந்துவிட்டது.

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அந்நியர்களுக்கு ஒன்றும் தெரியாமல் காப்பாற்றிய வார்த்தை, அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

லெஸ்டர் சிரிக்கவில்லை. அவளை நக்கலடிக்கவும் இல்லை. பேஸ்டியைப் பாதி தின்றான். மீதியைக் காகிதத்தில் சுற்றினான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். நோரீன் கொண்டுவந்து வைத்திருந்த சாமான் தட்டிலிருந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டான், கத்தியைப் பைக்குள் வைத்தான், பெல்ட்டை இறுக்கினான். வண்டிச் சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் முன்னால் மேஜையில் வைத்தான்.

"நீயே ஓட்டு" என்றான்.

அவள் அப்போதுதான் அழுதாள். அவன் பக்கத்தில் நின்று அவள் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான், அழுது முடிக்கும் வரைக்கும்.

வண்டியை டார்லா மெதுவாக ஓட்டினாள். கியர் இரண்டு தடவை கரகரத்தது. அவன் திட்டவில்லை. ஏரிப் பக்கம் வெளிச்சம் இன்னும் இருந்தது. அவன் அவளுக்கு வலது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்டோரத்துத் தபால் பெட்டிகள் பனியிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவன் ஜன்னலை ஒட்டியே போயின. ஒன்றுக்கும் அவன் தலை திரும்பவில்லை.

"ஹில்மா வீட்டுப் பெட்டி வந்துடுச்சா?" என்று கேட்டான்.

"தாண்டியாச்சு."

"நேரா நிக்குதா?"

"நிக்குது" என்றாள் டார்லா. "நல்லாத்தான் செஞ்சிருக்கே, கிழவா."